மாட்டுத் திருட்டிலிருந்து வாச்சாத்தி வரை: தகடூர் மண்ணில் சட்டம்

சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாபிலோன் அரசன் ஹம்முராபியிடமிருந்து தொடங்குவார்கள். அன்று தகடூர் எனப்பட்ட தருமபுரியில் வாழ்ந்துகொண்டு, பள்ளியில் வரலாறு கற்பிக்கும் எனக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டிய தேவை இல்லை. எங்கள் மண்ணில் மாட்டுத் திருட்டிலிருந்து தொடங்கினாலே போதும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, பக்கத்துச் செங்கம் ஆகிய பகுதிகளில் கிடைத்துள்ள நடுகற்களில் பல, ஆநிரைப் பூசலில் இறந்த வீரர்களுக்காக எடுக்கப்பட்டவை. எங்கள் ஊர் அகழ்வைப்பகத்திலும் அத்தகைய கற்கள் உள்ளன. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட வாசகங்கள் சுருக்கமானவை: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னாருடைய சேவகன் தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். மாட்டைக் கவர்ந்தவன் தண்டிக்கப்பட்டானா என்று கல் சொல்வதில்லை. கவர்வதும் அன்று குற்றமாக எண்ணப்படவில்லை. வேந்தன் ஏவியபடி பகைவர் நாட்டு மாடுகளைக் களவில் கொண்டுவந்து பேணுவதைத் தொல்காப்பியம் வெட்சித் திணை என்று ஒழுக்கமாகவே வகுத்து வைத்திருக்கிறது. ஆனால் மீட்கப் போய் இறந்தவனுக்குக் கல் நட்டதோடு, அவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்ற பெயர்களில் நிலம் கொடுத்த வழக்கமும் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. எழுதிய சட்டம் எதுவும் இல்லாத இடத்திலும், சிந்திய இரத்தத்துக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணம் இருந்திருக்கிறது. என் பார்வையில் சட்டத்தின் முதல் விதை அதுதான்.

சோழர் காலத்துக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. வேட்டைக்குப் போனவன் விலங்கென்று எண்ணி விட்ட அம்பு மனிதன்மேல் பட்டு உயிர் போன வழக்குகள் சில அக்காலக் கல்வெட்டுகளில் பதிவாகியுள்ளன. நாட்டாரும் ஊராரும் கூடி, கொல்லும் நோக்கம் இல்லை என்று கண்டு, கொலைத் தண்டனை விதிக்காமல், இறந்தவன் பெயரால் கோயிலில் விளக்கெரிக்கும்படி தீர்ப்பளித்தார்கள். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குப் பொதுவாக 96 ஆடுகள் கொடுக்க வேண்டும். குற்றத்தில் மனத்தின் பங்கு என்ன என்று ஆராயும் இந்த நுட்பம் எனக்கு வியப்பளிக்கிறது. ஆயினும் ஒரு குறை உறுத்துகிறது. விளக்கின் புண்ணியம் இறந்தவனுக்குப் போயிற்று, நெய் கோயிலுக்குப் போயிற்று; அவன் மனைவி மக்களுக்கு என்ன போயிற்று என்பதை நான் படித்த கல்வெட்டுகள் பேசவில்லை. வழக்கைப் பேசும் உரிமையும் அவையில் அமரத் தகுதி பெற்றவர்களிடமே இருந்தது. அந்தத் தகுதி எவ்வளவு குறுகலானது என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டே சான்று. முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் குடவோலை விதிகளை மக்களாட்சியின் முன்னோடி என்று மேடைதோறும் பாராட்டுகிறோம். பொதுவாக வரி செலுத்தும் கால் வேலி நிலமும் 35 வயதும் நிரம்பாதவன் பெயரை ஓலையில் எழுத முடியாது என்பதை யாரும் சொல்வதில்லை.

பிறகு வந்த நூற்றாண்டுகளை விரைந்து கடக்கலாம். 1792இல் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி எங்கள் பகுதியை உள்ளடக்கிய பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, இடைத்தரகர் இன்றி உழவரிடமே தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடித்தளமிட்டார்கள். ஊரார் நினைவில் இருந்த நில உரிமை பதிவேட்டுக்கு மாறியது. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம், ஒரே குற்றத்துக்குச் சாதிக்கொரு தண்டனை என்ற பழைய நூல்களின் முறையை ஏட்டளவிலாவது ஒழித்தது. ஆனால் அதே அரசு 1871இல் குற்றப் பரம்பரையினர் சட்டத்தைக் கொண்டுவந்து, பிறப்பாலேயே சில சமூகத்தாரைக் குற்றவாளிகள் ஆக்கியது.

இருபதாம் நூற்றாண்டில் சட்டம் வீட்டுக்குள் நுழைந்தது. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாண அரசுக்குத் தலைமை ஏற்றிருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை முதலில் தொடங்கினார். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலத்துக்குள்ளேயே இருந்தன. கள்ளிலிருந்து வந்த வருமானம் போய்விட்டதால் 1939இல் விற்பனை வரி பிறந்தது. மதுவிலக்கு போய்விட்டது, வரி மட்டும் பெயர் மாற்றிக்கொண்டு நிலைத்துவிட்டது.

இதைவிட ஆழமாகச் சிந்திக்க வைப்பது குழந்தைத் திருமணச் சட்டம், ஏனெனில் எங்கள் இரு மாவட்டங்களிலும் அது பழங்கதை ஆகிவிடவில்லை. 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயதை வரையறுத்தது. ஆனால் காவல்துறை தானாக வழக்கெடுக்க வழியில்லை. யாராவது ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும், முறையிடுபவரிடம் நூறு ரூபாய் வரை பிணை கேட்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது. உறவினரையும் அண்டை வீட்டாரையும் பகைத்துக்கொண்டு, பணத்தையும் பிணை வைத்து, அடுத்த வீட்டுச் சிறுமிக்காக யார் நீதிமன்றம் போவார்கள்? 1978இல் வயது 18, 21 என்று உயர்ந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம்தான் தடுப்பு அலுவலர்களை ஏற்படுத்தியது, குற்றத்தைப் பிணையில் விட முடியாததாக ஆக்கியது, மணம் செய்விக்கப்பட்ட குழந்தையே வயது வந்த இரண்டாண்டுகளுக்குள் அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோரவும் இடம் கொடுத்தது. எத்தனை வயது என்ற எண்ணைவிட, யார் போய்க் கேட்கலாம் என்ற விதி மாறியதே பெரிய மாற்றம் என்பது என் கருத்து. இன்று ஒரு பள்ளி மாணவி தன் தோழிக்காகக் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைத்தால் அலுவலர்கள் மண்டபத்துக்கு வரக்கூடும். சாரதா சட்டத்தின் காலத்தில் அந்தத் தோழிக்குக் கேட்பார் இருந்திருக்க மாட்டார்கள்.

சட்டத்தை நடத்துபவரே அதை மீறினால் யாரிடம் போவது என்ற கேள்விக்கும் விடை இந்த மாவட்டத்திலேயே எழுதப்பட்டது. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அரூர் அருகே சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி என்ற பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், ஊராரே குற்றவாளிகளாகச் சிறைக்குப் போனார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடியதால் 1995இல் வழக்கு சிபிஐயிடம் சென்றது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு ஆணையிட்டது. 31 ஆண்டுகள் ஆயின. அரசாங்கத்தின் பெயரால் நடந்த கொடுமைக்கு அரசாங்கத்தின் அலுவலர்களையே, மேலதிகாரிகள் வரை, பெயர் சொல்லிப் பொறுப்பாக்கும்படி ஒரு மலையடிவாரத்துப் பெண் கேட்க முடிந்தது என்பதை நான் என் மாணவர்களுக்கு உத்திரமேரூருக்கு முன்பே சொல்லிக்கொடுக்கிறேன்.