39 லட்சம் வீடு 50 லட்சத்தைத் தாண்டிய கதை

சென்னையை ஒட்டிய பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கம் சின்னதாக ஒரு புது வீடு தேடி அலைந்து, கடைசியில் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். அந்தப் பக்கம் தேடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து இங்கே விலை ஏறுமுகம்தான். புதிதாகக் கட்டுவதெல்லாம் பெரிய வீடுகள். எங்களுக்குக் கட்டுப்படியாகும்போல் தெரிந்தது ஒரே ஒரு திட்டம். விளம்பரத்தில் ‘39 லட்சம் முதல்’ என்று இருந்தது. நேரில் போனால் கையில் ஒரு விலைத்தாள் கொடுத்தார்கள். 640 சதுர அடி, அடி 6,100 ரூபாய். கார் பார்க்கிங் 3 லட்சம். மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு 2 லட்சம். கிளப் ஹவுஸ் ஒன்றரை லட்சம். எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர், பார்க்கிங் வேண்டாம் என்றோம். “எல்லா வீட்டுக்கும் கட்டாயம் சார்” என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த 3 லட்சம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. சென்னை போன்ற பெருநகரங்களில், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் விலை 45 லட்சத்துக்குள்ளும் கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பு) 60 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் ஜிஎஸ்டி 1 சதவீதம். தாண்டினால் 5. பார்க்கிங், கிளப் ஹவுஸ் பணமும் அந்த 45 லட்சத்தில் சேரும். எங்கள் மொத்தம் 45.54 லட்சம். வரி மட்டும் 2.28 லட்சம், பத்திரச் செலவோடு 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் அந்த 640 அடியில் கார்பெட் ஏரியா 430தான். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் திட்டத்தைத் தேடி, கார்பெட் ஏரியாவைப் பார்த்துவிட்டுப் பேசப் போங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று ரெரா சட்டம் சொல்கிறது. எங்களிடம் 20 சதவீதம் கேட்டார்கள்.

மனைப் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் குடியிருப்புத் திட்டங்களில் வருமானம் குறைந்தவர்களுக்கு 10 சதவீத இடம் ஒதுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2019 விதிகள் இருக்கின்றன. நாங்கள் பார்த்தவை எல்லாம் அதைவிடச் சிறிய மனைகள். அதனால் அந்த விதியால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

சரி என்று பழைய வீடு பார்த்தோம். 33 லட்சத்துக்கு முடிந்தது. ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் 50 லட்சம் வரையிலான புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம், மறுவிற்பனைக்கு 9. புது வீடு வாங்க வசதியில்லாதவன்தான் பழைய வீட்டுக்குப் போகிறான், அவனிடம் கூடுதலாக வாங்குவது எந்த விதத்தில் நியாயம்?

பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-இல் வட்டி மானியத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். மறுவிற்பனை வீட்டுக்கும் உண்டு. குடும்ப வருமானம் 9 லட்சம், வீட்டு விலை 35 லட்சம், கடன் 25 லட்சம், இவற்றைத் தாண்டக் கூடாது. நாட்டில் வேறெங்கும் சொந்தமாகப் பக்கா வீடு (நிரந்தரமாகக் கட்டிய வீடு) இருக்கக் கூடாது. அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவு வைப்பார்கள். குடும்பத்தில் எல்லோருடைய ஆதாரையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் விண்ணப்பம் இப்போது வங்கியில் பரிசீலனையில் இருக்கிறது.