பாடாங் செராயில் சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு: தன்னார்வலர்களைச் சேர்த்ததும் தக்கவைத்ததும்

பாடாங் செராய் இருக்கும் மலேசியாவின் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பக்கத்தில் பினாங்கில் சனியும் ஞாயிறும். இதைக் கவனிக்காமல் ஞாயிறு காலை வகுப்பு என்று அறிவித்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். பினாங்கின் பட்டர்வொர்த்திலிருந்து மெனக்கெட்டு வந்த தன்னார்வலர் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் கிடைப்பது சனி ஒன்றுதான். தோட்டப் பிள்ளைகளுக்கான எங்கள் மலாய் வாசிப்பு வகுப்பு சனி காலை 10 மணிக்கு அமைந்தது இப்படித்தான்.

ஆள் திரட்டுவதில் எல்லாரும் செய்யும் தப்பு, "சேவை செய்ய வாரீர்" என்று வாட்சாப்பில் போடுவது. நாற்பது பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், சனிக்கிழமை மூன்று பேர் வருவார்கள். வந்தவர்களுக்கும் என்ன வேலை என்று தெரியாது. நாற்காலி அடுக்கி, மீ கோரேங் சாப்பிட்டுவிட்டுப் போனால் மறுவாரம் எதற்காக வரவேண்டும்? அவர்களுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை, நாம்தான் வேலையை அளந்து கொடுக்கவில்லை. எங்கள் அறிவிப்பில் இப்போது வேலை மட்டும் இருக்கும்: "சனி காலை 9.45 முதல் 11.45 வரை. நான்கு பிள்ளைகள். மலாய் வாசிப்பு. எட்டு வாரம்." எப்போது முடியும் என்று தெரிந்தால் ஆள் தைரியமாகப் பெயர் கொடுப்பார். எட்டு வாரம் முடிந்ததும் தொடர்கிறீர்களா என்று கேட்கிறோம். இல்லை என்றால் நன்றி சொல்லி அனுப்புகிறோம், கெஞ்சுவதில்லை.

24 பிள்ளைகளுக்கு 6 பேர் போதும், ஆனால் 8 பேரைச் சேர்க்க வேண்டும். கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களுக்கு ஷிப்ட் மாறும், ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பரீட்சை வரும். ஒருவர் வராத நாளில் அவருடைய நான்கு பிள்ளைகளைப் பக்கத்து மேசையில் சேர்த்தால் இரண்டு மேசையும் கெட்டுவிடும். வாசிப்பு நேரம் 40 நிமிடம். நான்கு பேர் என்றால் ஆளுக்குப் பத்து நிமிடம் வாய்விட்டு வாசிக்கலாம். எட்டுப் பேர் என்றால் ஐந்து நிமிடம்; அதில் இரண்டு நிமிடம் பக்கத்தைத் தேடுவதிலேயே போய்விடும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பெரிய பலம். ஒரே சங்கடம், பழக்க தோஷத்தில் எழுந்து நின்று வகுப்பு முழுவதற்கும் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் மண்டபத்தில் வெண்பலகையே வைப்பதில்லை. வெளியூரிலிருந்து வரும் கல்லூரி மாணவர்களிடம் உற்சாகம் இருக்கும், ஆனால் ஒரு பிள்ளை இரண்டு வாரம் வராவிட்டால் வீடு தேடிப் போய்க் கேட்க அவர்களால் முடியாது. அந்த வேலை தோட்டத்து அக்காமார்களுக்கு. எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் மோட்டார் கெட்டுக் கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வருகைப் பதிவேடு அவர்கள் கையில்தான். எழுதப் படிக்கச் சிரமப்படும் அக்கா ஒருவருக்குப் பெயர்களுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் சிறிய படத்தை ஒட்டிக் கொடுத்தால் போதும்.

இனி எல்லாவற்றையும் விட முக்கியமான பொருள்: 40 பக்க அப்பியாசப் புத்தகம், பிள்ளைக்கு ஒன்று. வகுப்பு முடிந்ததும் தன்னார்வலர் அதில் மூன்றே வரி எழுத வேண்டும். எங்கே நிறுத்தினோம், எதில் தடுமாறினாள், அடுத்து என்ன. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கும்: "பக்கம் 12 வரை. 'மெம்பாச்சா', 'மெஞ்சாரி' இரண்டிலும் நின்றுவிட்டாள். முன்னொட்டில்லாமல் 'பாச்சா', 'சாரி' என்று தனியாகக் கொடுத்தால் வாசிக்கிறாள். அடுத்த வாரம் மூலச்சொல்லை விரலால் மூடித் திறந்து காட்டவும்." இதைப் படித்த புது ஆள் மறுவாரம் அங்கிருந்தே தொடங்கலாம். புத்தகம் இல்லாவிட்டால் ஒவ்வொரு புது ஆளும் 'ஆ, பே, சே' என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார், பிள்ளைக்குச் சலித்துவிடும். தன்னார்வலர் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள், அதைத் தடுக்க முடியாது. புத்தகம் மாறாமல் இருந்தால் பாதகமில்லை. எழுதுவதற்காகவே 11.30க்கு வகுப்பை நிறுத்துகிறோம். "வீட்டில் போய் எழுதுகிறேன்" என்று வாங்கிப்போன புத்தகம் மறுவாரம் திரும்பி வராது.

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகையில் மலாய் பலவீனமாக இருந்தால் முதல் படிவத்துக்கு முந்திய புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகும். ஆகவே பள்ளித் தவணைத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறது என்று எண்ணி அதே புத்தகத்தில் குறிக்கிறோம். நன்கொடையாளர் கேட்டால் காட்டவும் இதுதான், படங்கள் அல்ல.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பு கிடையாது. தன்னார்வலரின் ஐசி (அடையாள அட்டை) நகல் வாங்குகிறோம். குறுக்கே இரண்டு கோடு கிழித்து, எதற்காக என்று எழுதித் தரச் சொல்கிறோம். யாரும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது, காரில் ஏற்றிப் போகக் கூடாது, கதவு திறந்தே இருக்க வேண்டும். "எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டப்படி, தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம் என்று விளக்குவோம். அப்போதும் ஒப்பாதவர் போகட்டும்.

பணம். தன்னார்வலருக்குச் சம்பளம் இல்லை, ஆனால் பெட்ரோல் காசு கொடுக்காமல் இருப்பது தப்பு. வெட்கப்பட்டுக் கேட்காமலேயே நின்றுவிடுவார்கள். நாளுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்), கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றே கொடுக்கிறோம். 8 பேர், நான்கு சனி, மாதம் 320 வெள்ளி. நிதி கேட்கும் கடிதத்தில் இதைத் தனி வரியாகவே போடுகிறோம். தன்னார்வலர் ஊழியர் அல்ல என்பதால் நம்மிடம் வரும் வழியில் மோட்டாரில் விழுந்தால் சொக்சோவின் (ஊழியர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) வேலை விபத்துக் காப்பை நம்ப முடியாது. குழு விபத்துக் காப்புறுதி எடுத்துவிடுவது நல்லது. உற்சாகமான இளைஞர்கள் உண்டியலைத் தூக்கிக்கொண்டு பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) கிளம்புவார்கள். 1947ஆம் ஆண்டின் சட்டப்படி வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்கப் போலீஸ் உரிமம் வேண்டும். முதல் நாளே சொல்லிவிட வேண்டிய விஷயம்.

வகுப்போடு, தோட்டக் குடும்பங்களுக்குச் சாமான் பையும் கொடுக்கிறோம்; அதில் ஒரு கோணல் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் அரிசியும் எண்ணெயும் குவியும், பை கட்ட ஐம்பது பேர் வந்து இடித்துக்கொள்வார்கள். பால்மரம் (ரப்பர்) இலையுதிர்த்து வருமானம் படுத்துவிடுகிற பிப்ரவரி, மார்ச்சில் ஒருவரும் வரமாட்டார்கள். இப்போது தீபாவளிக்குப் பெயர் கொடுப்பவரிடமே இலையுதிர் காலத்துக்கும் ஒரு தேதியைக் குறித்து வாங்குகிறோம். பாதிப் பேர் நழுவினாலும் மிச்சப் பாதி போதும். கெட்டுப்போகாத சாமானில் ஒரு பங்கையும் அதற்கென்று ஒதுக்கி வைக்கிறோம். எலிக்குப் பயந்து மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில்.

விலகுகிறவருக்கும் ஒரு முறை உண்டு. இரண்டு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், கடைசிச் சனியன்று அடுத்த ஆளோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும், பிள்ளைகளிடம் தாமே சொல்ல வேண்டும். மண்டபச் சாவியை வாங்கிக்கொண்டு, அன்று மாலையே அவரை வாட்சாப் குழுவிலிருந்து எடுத்துவிடுகிறோம். பிள்ளைகளின் பெயர்களும் வீட்டு எண்களும் அதில் இருக்கின்றன.