எஃப் மைனரின் மூன்றாம் தந்தி

கிடார் கற்கத் தொடங்கிய எட்டாவது மாதத்தில் எஃப் மேஜர் என்ற கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) ஓரளவு கைவந்திருந்ததால், எஃப் மைனர் அதைவிட எளிதாக இருக்கும் என்று நம்பினேன். முதல் ஃபிரெட்டில், அதாவது கிடாரின் கழுத்தில் உலோகக் கம்பிகள் பிரிக்கும் முதல் கட்டத்தில், ஆறு தந்திகளையும் ஆள்காட்டி விரலால் அழுத்தி, மூன்றாவது ஃபிரெட்டில் ஐந்தாம், நான்காம் தந்திகளின் மேல் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் வைக்கும் அதே பிடிதான் இதற்கும். மூன்றாம் தந்தியில் இருக்கும் நடுவிரலை எடுத்துவிட்டால் மேஜர் மைனராகிவிடும். ஒரு விரலின் வேலை குறைகிறது என்று மகிழ்ந்தேன். அந்த வேலை ஆள்காட்டி விரலின் தலையில் விழும் என்பது அப்போது புரியவில்லை.

மீட்டியபோது கார்டு போல ஏதோ ஒலித்தது. ஆனால் மைனருக்குரிய சோகம் அதில் இல்லை. தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்ததில் மூன்றாம் தந்தி மட்டும் 'டொக்' என்று நின்றுபோனது. விரல் மடிப்பின் பள்ளம் சரியாக அதன் மேல் உட்கார்ந்திருந்தது. இந்தப் பிடியின் ஆறு சுரங்களில் மூன்று எஃப், இரண்டு சி. கார்டை மைனராக்கும் ஏ ஃபிளாட் மூன்றாம் தந்தியில் மட்டுமே இருக்கிறது. எஃப்பை ஷட்ஜமாகக் கொண்டால் சி பஞ்சமம், ஏ ஃபிளாட் சாதாரண காந்தாரம். காந்தாரம் ஊமையாக இருந்தவரை நான் வாசித்தது மேஜரும் அல்ல, மைனரும் அல்ல. ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே. அதற்குச் சுருதிப்பெட்டி போதும்.

அடுத்த இரண்டு வாரங்கள் வலுவைக் கூட்டிக்கொண்டே போனேன். கட்டைவிரலின் அடித்தசையில் வலி வந்ததே தவிர காந்தாரம் வரவில்லை. பிறகு கிடார் பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொரு தந்தியையும் மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தி, முதல் ஃபிரெட் கம்பிக்கு மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, நட்டின் (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையின்) பள்ளங்கள் ஆழம் போதாமல் இருப்பதால் தந்திகள் அங்கே தேவைக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன என்றார். பள்ளங்களை அரத்தால் சிறிது இறக்கி, முதல் தந்தி 0.012 அங்குலமாக இருந்த தந்திக்கட்டுக்குப் பதிலாக 0.011 அங்குலக் கட்டையும் மாட்டிக் கொடுத்தார். என் விரலை மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு பேதைமை!

அதன் பிறகும் நேராக முதல் ஃபிரெட்டுக்குப் போகவில்லை. என் கிடாரில் முதல் ஃபிரெட் கட்டத்தின் அகலம் சுமார் 36 மில்லிமீட்டர். ஐந்தாவது கட்டம் சுமார் 29 தான். ஆகவே அதே பிடியை ஐந்தாவது ஃபிரெட்டில் ஏ மைனராக வைத்துப் பழகி, ஆறு தந்திகளும் தெளிவாக ஒலித்த பிறகே ஒவ்வொரு ஃபிரெட்டாகக் கீழே இறங்கினேன். நாளுக்குப் பத்து நிமிடம், வலித்தால் நிறுத்தம். கைக்குப் பிடிபட்டவை இரண்டு: விரலின் சதைப்பகுதியால் அழுத்தாமல், நட்டை நோக்கிய எலும்போரம் தந்திகளில் படுமாறு சற்றே உருட்டி வைப்பது, நுனி ஆறாம் தந்தியைத் தாண்டிச் சிறிது நீளுமாறு விரலை மேலே தள்ளுவது. மடிப்பு மூன்றாம் தந்தியை விட்டு விலகியது இரண்டாவதால்தான். கட்டைவிரலால் இறுக்குவதற்குப் பதில் முழங்கையைப் பின்னோக்கி இழுத்தால் கையின் எடையே பாதி வேலையைச் செய்கிறது. ஐந்தாம், நான்காம் தந்திகளை வேறு விரல்கள் பார்த்துக்கொள்வதால் ஆள்காட்டி விரல் அவற்றுக்காகச் சிரமப்படவும் தேவையில்லை.

முதல் ஃபிரெட்டை எட்ட ஐந்து வாரங்கள் ஆயின. இப்போது எஃப் மேஜரை மீட்டி, நடுவிரலைத் தூக்கி எஃப் மைனருக்கு வந்து, அங்கிருந்து சி மேஜரில் இறங்குவதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அந்த மூன்றாம் தந்தியில் மட்டும் காதை வைத்தால் ஏ, ஏ ஃபிளாட், ஜி என்று சுரம் அரைச்சுரமாகப் படியிறங்குவது கேட்கிறது. கடைசிப் படியில் அந்தத் தந்தியை எந்த விரலும் தொடுவதில்லை.