பாட்டு எப்போது தொடங்கும்?

இலங்கை மலையகத்து அப்புத்தளையில் என் தாய்மாமா தம் வீட்டு மேல்மாடியிலுள்ள இரண்டு அறைகளை, லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனையைப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் கட்டில், கம்பளி, சுடுதண்ணீர், பற்றுச்சீட்டு எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு இருக்கும். காலைப் பாட்டில் மட்டும் அது இருக்காது. விடியற்காலை முருகன் பாடல்களோடு தொடங்கும் ஓசை, சூரியன் ஏற ஏறப் பழைய சினிமாப் பாடல்களாக மாறி, கீழே உள்ள தோட்டத் தொழிலாளர் லயத்துக்கும் சேர்த்தே கேட்கும். அங்கு தங்கிப்போன ஒரு தம்பதியர் விருந்தினர் புத்தகத்தில் தேநீரைப் புகழ்ந்து, ரொட்டியைப் புகழ்ந்து, கடைசி வரியில் ஸ்பீக்கரின் ஆற்றலையும் புகழ்ந்திருந்தார்கள். அதையும் புகழ்ச்சிக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள மாமா ஆயத்தமாக இருந்தார், அத்தைதான் விடவில்லை. "வெள்ளக்காரங்களுக்குப் புடிச்ச மாதிரி, சத்தமில்லாத பாட்டா ஏதாச்சும் கொண்டு வாப்பா" என்று எனக்குக் கட்டளை வந்தது.

நான் பென் ட்ரைவில் கொண்டுபோனது ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்'. 1978இல் உருவான அந்த ஆல்பம், இன்று சில்-அவுட் என்ற பெயரில் கடற்கரை விடுதிகளிலும் மலையகத்துச் சுற்றுலா உணவகங்களிலும் ஒலிக்கும் மெதுவான மின்னணு இசைக்கெல்லாம் பாட்டன் முறை. 1948இல் பிறந்த ஈனோ, யூ2 ராக் குழுவினரின் 'த ஜோஷுவா ட்ரீ' போன்ற ஆல்பங்களைத் தயாரிப்பதில் பங்குகொண்ட பழுத்த தயாரிப்பாளர். ஆனால் இந்த விவரங்கள் மாமாவிடம் செல்லுபடியாகா என்பதால், விண்டோஸ் 95 உள்ள கணினி உயிர்பெறும்போது ஒலிக்கும் சிறு இசையை அமைத்தவர் இவர்தான் என்று அறிமுகம் செய்தேன். "அந்த ஆளா? ஆபீஸ்ல அந்தச் சத்தம் வந்துச்சுன்னா, போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம்" என்றார். அவருடைய அனுபவத்தில் ஈனோவின் இசை என்பது காத்திருத்தலின் முன்னறிவிப்பு. அது அன்றைக்கும் பொய்க்கவில்லை.

முதல் உருப்படியில் பியானோவின் சில சுரங்கள் விழும். பிறகு ஓர் இடைவெளி வரும். பிறகு அதே சுரங்கள் சற்றே வேறு வரிசையில் விழும். பியானோ வாசித்தவர்களில் ஒருவர் ராபர்ட் வயட் என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர். தாளமும் இல்லை, குரலும் இல்லை, பதினாறு பதினேழு நிமிடங்களுக்கு இதுதான் நடக்கிறது. இலை போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகும் சோறு வராத பந்தியில் உட்கார்ந்திருப்பவரைப் போல, மாமா நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து காத்திருந்தார். சற்று நேரம் கழித்து, "இன்னும் பாட்டு தொடங்கலையா?" என்று கேட்டார். தொடங்கிவிட்டது என்றேன். எழுந்துபோய் ஸ்பீக்கரின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, பின்பக்கத்து வயரை இழுத்துப் பார்த்ததில், இடப்பக்க ஸ்பீக்கர் அடியோடு நின்றுபோனது.

இதைவிடப் பொருத்தமான விபத்து நேர்ந்திருக்க முடியாது. 1975இல் ஈனோ ஒரு வாகன விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது, பார்க்க வந்த தோழி ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டு யாழிசைத் தட்டு ஒன்றைக் கொடுத்துச் சென்றார். பெரும்பாடுபட்டு அதை ஓடவிட்டு மீண்டும் படுத்த பிறகுதான், ஒலி மிகக் குறைவாக வைக்கப்பட்டிருப்பதும், ஸ்டீரியோவின் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. எழுந்துபோய்ச் சரிசெய்யத் தெம்பில்லாமல் அப்படியே கேட்டுக்கொண்டு கிடந்தபோது, வெளியே பெய்த மழையின் ஓசையைப் போல இசையும் அறையின் சூழலில் ஒரு பகுதியாக இருக்கலாமே என்ற எண்ணம் பிறந்தது. அந்த ஆண்டே 'டிஸ்க்ரீட் மியூசிக்' வெளிவந்தது. இக்கதையை நான் விளக்கமாகச் சொல்லி முடித்ததும் மாமா கேட்டது ஒன்றுதான்: "அந்த ஸ்பீக்கரைக் கடைசி வரைக்கும் செய்யலையா?"

அடுத்த சிக்கல் உருப்படிகளின் பெயர்களால் வந்தது. இந்த ஆல்பத்தில் உள்ளவை நான்கே உருப்படிகள். இசைத்தட்டில் எந்தப் பக்கத்தில் எத்தனையாவது என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு பெயர் கிடையாது. திரையில் 1/1, 2/1, 1/2, 2/2 என்று வந்ததைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்த மாமா, ஜனவரி ஒன்று, ஜனவரி இரண்டு, பெப்ரவரி ஒன்று, பெப்ரவரி இரண்டு என்று வாசித்து, மார்ச்சுக்குப் பாட்டு இல்லையா என்று விசாரித்தார்.

ஜனவரி இரண்டுதான் அத்தையை அடுப்படியிலிருந்து வெளியே கொண்டுவந்தது. அந்த உருப்படி முழுவதும் மனிதக் குரல்கள். சொல் ஏதுமில்லாமல், ஒவ்வொரு குரலும் 'ஆ' என்று நீளமாக எழுந்து தேய்ந்துவிடும். இருட்டிய நேரத்தில் தேயிலை மலைப் பக்கமிருந்து யாரோ பெண்பிள்ளை கூப்பிடுகிறாள் என்று எண்ணி, அத்தை டோர்ச்சை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி, "யாரது?" என்று மும்முறை குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்காவோ வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, யார் வீட்டுச் சாவு என்று தணிந்த குரலில் கேட்டார். அந்தக் கேள்வியும் முற்றிலும் பொருந்தாததன்று. விமானத்தில் ஏறுகிறவன் மனத்தில் சாவு பற்றிய எண்ணம் ஓரமாக இருக்கும்போது, விமான நிலையத்தில் குதூகலமான இசையைப் போடுவது பொய்யாக இருக்கிறது என்பதும் ஈனோவின் கருத்துகளில் ஒன்று.

மாமாவை வென்றது கணக்குத்தான். குரல்கள் ஒவ்வொன்றையும், ஓடி முடிந்ததும் தானே மறுபடி தொடங்கும் தனித்தனி ஒலிநாடாச் சுற்றில் பதிந்து, சுற்றுகளை வெவ்வேறு நீளத்தில் வைத்ததால் அவை எளிதில் ஒரே விதமாகச் சேர்வதில்லை என்றும், மூன்று சுற்றுகளின் நீளம் ஏறத்தாழ 23 1/2, 25 7/8, 29 15/16 வினாடிகள் என்று ஈனோ ஓர் உரையில் கூறியிருக்கிறார் என்றும் சொன்னேன். செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டை எழுதிய கை சும்மா இருக்குமா? பழைய தாள் ஒன்றைத் திருப்பி, எல்லாவற்றையும் வீசத்துக்கு, அதாவது பதினாறில் ஒரு பங்குக் கணக்குக்கு, மாற்றி, 376, 414, 479 என்று எழுதிப் பொது மடங்குகளுட் சிறியதைக் காணத் தொடங்கிவிட்டார். பாட்டு முடிந்தது; இரவுச் சாப்பாடும் ஆறியது. கடைசியில் 23 இலட்சத்து 30 ஆயிரத்துச் சொச்சம் வினாடிகள், அதாவது ஏறக்குறைய 27 நாட்கள் என்று விடை வந்தது. சுற்றுகளை நிறுத்தாமல் ஓடவிட்டால், மூன்றும் ஒன்றாகத் தொடங்கிய நிலைக்குத் திரும்ப அவ்வளவு காலம் ஆகும். "சந்திரன் 27 நட்சத்திரத்தையும் சுத்தி வர்ற கணக்குடா இது" என்று மாமா தாளை என் முன்னே வைத்தார். அன்றிலிருந்து ஈனோ அவருக்கு விவரம் தெரிந்த மனிதர்.

மறுநாள் மேல்மாடிக்கு ஜெர்மன் இளைஞர் இருவர் வந்து சேர்ந்தார்கள். ஈனோவுக்கு இந்த ஆல்பம் பற்றிய எண்ணம் தோன்றியதே அவர்களுடைய நாட்டிலுள்ள கொலோன் விமான நிலையத்தில்தான் என்பதை நான் சொல்ல வாயெடுக்குமுன் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. ஒற்றை ஸ்பீக்கரில் தணிவாக ஓடிய அந்தக் குரலிசை, மழை உரக்கும்போது மறைந்தும் தணியும்போது தலைகாட்டியும் இருந்தது. இருவரும் விறாந்தையில் கால்களை நீட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் தேநீர் குடித்தார்கள். முந்தைய இரவு முழுவதும் எங்கள் வீட்டில் எவராலும் கவனிக்காமல் இருக்க முடியாத அந்த இசையைக் கவனிக்காமல் இருக்கத் தெரிந்த முதல் மனிதர்கள் அவர்கள்தான்.

மழை விட்டதும் வளைவில், பாட்டு ஒலித்தபடி பாண் விற்கும் சூன் பாண் முச்சக்கர வண்டி வந்தது. அறிவிப்பு வந்தால் விமான நிலையத்து இசை குறுக்கிடாமல் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது ஈனோவின் முதல் விதிகளில் ஒன்று. அன்றைக்கு அது நன்றாகவே ஒதுங்கி நின்றது. வண்டியிலிருந்து பேத்தோவனின் 'ஃபர் எலீஸ்' கீச்சுக் குரலில் மலை முழுவதும் எதிரொலிக்க, இருவரும் செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடி, அலைபேசியில் படம்பிடித்து, ஆளுக்கு இரண்டு கிம்புலா பனிஸோடு (முதலை வடிவ இனிப்பு பன்) திரும்பி வந்தார்கள்.

புறப்படும்போது அவர்களில் ஒருவர், மழையோடு ஓடிய இசையின் பெயரென்ன என்று மாமாவிடம் கேட்டார். மாமா கிளாக்கர் கால ஆங்கிலத்தில் தெளிவாக, "செக்கண்ட் ஜனவரி" என்றார். அந்த இளைஞரும் நன்றி சொல்லி அதை அலைபேசியில் குறித்துக்கொண்டார். குரல்கள் மூன்றும் மீண்டும் ஒன்றுசேர்வதைக் கேட்க விரும்பினால் 27 நாட்களுக்கு அறை எடுக்க வேண்டும் என்றும், அவ்வளவு நாள் தங்குகிறவர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்றும் மாமா சேர்த்துச் சொன்னார்.