சீசன் பாஸ்காரியின் நாட்குறிப்பு: நியூ ஹாம்ப்ஷயர், 2023-24

நவம்பர் 24, 2023, வெள்ளி

எங்கள் பனிச்சறுக்கு (ஸ்கீ) மலையை இன்று திறப்பதாகச் சொன்னார்கள். திறக்கவில்லை. "விரைவில் சந்திப்போம்!" என்று ஒரு மின்னஞ்சல், கூடவே பாறை விளிம்பிலிருந்து பாயும் ஒரு ஸ்கீ வீரரின் படம். படத்தில் இருப்பது எங்கள் மலையே இல்லை. எங்கள் மலையில் அந்த அளவுக்குப் பாறையும் கிடையாது, பாய்வதற்கு உயரமும் கிடையாது.

அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் தெற்கே, வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் குட்டி மலை இது. கம்பி வடத்தில் தொங்கும் நாற்காலிகளில் ஆட்களை மேலே ஏற்றும் மூன்று சேர்லிஃப்ட், புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒரு கன்வேயர் பெல்ட், காப்பியும் பொரித்த உருளைக்கிழங்கும் விற்கும் ஒரு அடிவாரக் கட்டிடம், அவ்வளவுதான். பெயர் வேண்டாம். சின்ன ஊர், நாளைக்கும் அதே வரிசையில்தான் போய் நிற்க வேண்டும். இவர், நான், பையன் மூன்று பேருக்கும் சீசன் பாஸ் (குளிர்காலம் முழுக்கப் போய்வர ஒரே சீட்டு) ஏப்ரலிலேயே வாங்கியாச்சு. செப்டம்பர் ஆரம்பத்தில் தொழிலாளர் தினம் தாண்டினால் விலை ஏறிவிடும். அதனால் இங்கே எல்லாரும் வெயிலில் உட்கார்ந்துகொண்டே பனிக்குப் பணம் கட்டிவிடுகிறோம்.

பனி பெய்யவில்லை என்று நான் புலம்பவில்லை. நவம்பரில் வானத்தை நம்பி இந்தப் பக்கம் யாரும் மலையைத் திறப்பதில்லை. தண்ணீரையும் அழுத்திய காற்றையும் சேர்த்துப் பீய்ச்சிச் செயற்கையாகப் பனி செய்கிறார்கள். அதற்கு வெப்பமானியில் தெரியும் எண் மட்டும் போதாது. காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 'ஈரக்குமிழ் வெப்பநிலை' 28 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இறங்க வேண்டும். காற்று வறண்டு இருந்தால், வெப்பமானி உறைநிலையான 32-க்குக் கொஞ்சம் மேலே காட்டினாலும்கூட இயந்திரத்தை ஓட்டலாம். இந்த வாரம் இரவுகளில் நல்ல குளிர்தான். ஆனாலும் பாதையோரத்தில் பனி பீய்ச்சும் குழல்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்கின்றன.

இவருடைய விளக்கம் இது: "ஒரு ஏக்கர்ல ஒரு அடி உயரத்துக்குப் பனி போட ஒன்றரை லட்சம் கேலனுக்கு மேல தண்ணி வேணும். பம்பு, கம்ப்ரெசர், ராத்திரி முழுக்க ஆள். நாமதான் ஏற்கெனவே பணத்தைக் கொடுத்துட்டோமே, அவங்களுக்கு என்ன அவசரம்?"

டிசம்பர் 9, சனி

திறந்தார்கள். ஒரே ஒரு பாதை. இரண்டு பக்கமும் பழுப்புப் புல், நடுவில் வெள்ளை நாடா. அதில் நாங்கள் எல்லாரும். பையனுக்குச் சந்தோஷம்தான், ஒன்பது வயதில் எல்லாமே சந்தோஷம்.

டிசம்பர் 18, திங்கள்

விடிய விடிய மழை. வாசலில் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். மெய்ன் மாநிலத்தில் சண்டே ரிவர் ஸ்கீ மலைக்குப் போகும் சாலையையே வெள்ளம் அரித்துவிட்டது என்று செய்தி. வெர்மான்டிலும் ஆறுகள் கரை மீறியிருக்கின்றன. எங்கள் வெள்ளை நாடா என்ன ஆகியிருக்கும் என்று கேட்கவே தேவையில்லை. இதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

டிசம்பர் 29, வெள்ளி

விடுமுறை வாரம். மழையில் ஊறிய பனி, மூடுபனி, கார் நிறுத்த இடமில்லை. விலை குறைந்த பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாரம் அனுமதி கிடையாது. எங்களுடையது முழு பாஸ், அதனால் உள்ளே விட்டார்கள். ஆனால் ஒரு நாள் டிக்கெட்டை வரைமுறை இல்லாமல் விற்றிருக்கிறார்கள். இரண்டு பாதைக்கு இத்தனை பேர் என்று ஒரு கணக்கு வேண்டாமா? வெர்மான்டில் மேஜிக் மவுன்டன் என்று ஒரு சின்ன மலை. கூட்டம் தாங்காது என்று தெரிந்து, நெரிசலான நாட்களில் டிக்கெட் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கிறார்கள். சின்ன மலையால் முடியாத காரியம் இல்லை இது.

பதினோரு மணி வாக்கில் லிஃப்ட் நின்றது. நானும் பையனும் பாதி உயரத்தில், காலில் ஸ்கீ தொங்க உட்கார்ந்திருந்தோம். முதல் ஐந்து நிமிடம் யாரோ ஏறும்போது விழுந்திருப்பார்கள் என்று நினைத்தோம். அப்புறம் காற்றில் நாற்காலி ஆட ஆரம்பித்தது. கம்பி வடம் உருளைகள் மேல் முனகுகிற சத்தம் தவிர வேறு ஒன்றும் இல்லை. பையன் கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைக்கப் போனான், "கழட்டாதே, விழுந்துடும்!" என்று கத்தினேன். அவனுக்கு முன்னால் இருந்த நாற்காலிக்காரரின் கையுறை ஏற்கெனவே கீழே கிடந்தது. கடைசியில் மேலிருந்து டீசல் வாசனை வந்தது. மின் மோட்டார் படுத்துவிட்டால் ஆட்களை இறக்கிவிடுவதற்கென்றே ஒரு துணை எஞ்சின் இருக்கும். அதை முடுக்கி, நத்தை வேகத்தில் எங்களை மேலே இழுத்தார்கள். அதுவும் ஓடாவிட்டால் ஸ்கீ பேட்ரோல் (மலையின் மீட்புக் குழு) ஆட்கள் கயிறு போட்டு ஒவ்வொரு நாற்காலியாக இறக்குவார்கள். அந்த அளவுக்குப் போகவில்லை.

இயந்திரம் என்றால் பழுதாகத்தான் செய்யும். ஆனால் அடிவாரம் வந்து கைபேசியில் பார்த்தால், மலையின் நிலவரப் பக்கத்தில் அந்த லிஃப்டுக்கு நேராகப் பச்சைப் புள்ளி: 'இயங்குகிறது'. சாயங்காலம் வரை பச்சைதான். அதை நம்பி மாசசூசெட்ஸிலிருந்து வண்டி ஓட்டி வந்தவர்கள் டிக்கெட் ஜன்னலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி. பாவம், அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

ஜனவரி 8, 2024, திங்கள்

நேற்று ஞாயிற்றுக்கிழமை, நாள் முழுக்கப் பனி. ஓர் அடி இருக்கும். இந்தக் குளிர்காலத்தின் முதல் நிஜப் பனி. காலையில் இவர் அலுவலகத்தில் விடுப்பே எடுத்துவிட்டார்.

எட்டு மணிக்கு மின்னஞ்சல்: பணியாளர் பற்றாக்குறையால் திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும்.

இரண்டு நாள். புதன்கிழமை பெருமழை வரும் என்று தேசிய வானிலை சேவை வெள்ளிக்கிழமையிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு அது தெரியாமல் இருக்குமா?

ஜனவரி 10, புதன்

மழை, சூறைக்காற்று. ஓர் அடியும் போச்சு.

எனக்கு வந்த கோபத்தை இங்கே அப்படியே எழுத முடியாது. சனி ஞாயிறு என்றால் டிக்கெட் விற்கும், ஆள் கிடைக்கும். திங்கள் செவ்வாயில் வருவது முக்கால்வாசி பாஸ்காரர்கள். அவர்கள் வந்தாலும் கல்லாவில் ஒரு டாலர் புதிதாக விழாது, வராவிட்டாலும் குறையாது. ஆனால் லிஃப்ட் ஓட்டுவதற்கான செலவு மட்டும் நிச்சயம். அப்படியிருக்க, ஆள் பற்றாக்குறை எந்தக் கிழமையில் வரும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

ஜனவரி 20, சனி

அடிவாரக் கட்டிடத்தில் எப்போதும் அதே மேசையில் உட்காரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சின்னப் பையனாக இங்கே வர ஆரம்பித்தவர். அவரிடம் கொட்டித் தீர்த்தேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "ரொம்பவும் நெருக்காதீர்கள், மூடிவிட்டால் என்ன செய்வோம்?" என்றார்.

அவர் பயம் வெறும் பயம் இல்லை. 1934-இல் வெர்மான்டின் உட்ஸ்டாக்கில், ஒரு மேய்ச்சல் நிலச் சரிவில் ஸ்கீக்காரர்கள் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவதற்காக, பழைய ஃபோர்டு மாடல் டி கார் எஞ்சினை வைத்துக் கயிற்றை இழுக்க விட்டார்கள். அமெரிக்காவின் முதல் கயிற்று இழுவை அதுதான். அதைப் பார்த்து ஊருக்கு ஊர், பண்ணைக்குப் பண்ணை கயிறு கட்டினார்கள். அப்படிப் பிறந்து மறைந்த ஸ்கீ மலைகள் நியூ இங்கிலாந்து என்கிற இந்த வடகிழக்கு மாநிலங்களில் நூற்றுக்கணக்கில். காட்டுக்குள் துருப்பிடித்த சக்கரங்களைத் தேடிப்போய்ப் பட்டியல் போடுவதற்கே ஆட்கள் இருக்கிறார்கள். வெர்மான்டில் அஸ்கட்னி மலை 2010-இல் மூடியது. இன்று ஊர்க்காரர்களே தன்னார்வமாக ஒரு சின்ன இழுவையை அங்கே ஓட்டுகிறார்கள்.

"பெரிய கம்பெனி வாங்கினால் தேவலையா?" என்று இவர் கேட்டார். பெரியவர் சிரித்தார். வேல் ரிசார்ட்ஸ் என்ற பெரிய ஸ்கீ கம்பெனி 2019-இல் பீக் ரிசார்ட்ஸ் என்ற இன்னொரு கம்பெனியை வாங்கியபோது, ஒரே கையெழுத்தில் 17 மலைகள் கைமாறின. நியூ ஹாம்ப்ஷயர் மலைகளும் அதில் உண்டு. அதே வேலின் ஸ்டீவன்ஸ் பாஸ் மலையில், வாஷிங்டன் மாநிலத்தில், 2021-22 குளிர்காலத்தில் நடந்தது எங்களுக்கு நடப்பதேதான்: பாஸை விற்றுவிட்டார்கள், ஆளில்லை, மலையின் பெரும்பகுதி திறக்கவே இல்லை. 40,000-க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம்தான் புதிய பொது மேலாளர் வந்தார், பாஸ்காரர்களுக்கு அடுத்த வருடத்துக்கு விலைச் சலுகையும் வந்தது.

ஆக, மலை சின்னதா பெரியதா என்பது இல்லை விஷயம். கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. பெரியவர் சம்மதித்துவிட்டார். கடிதம் எழுதுகிறோம்.

பிப்ரவரி 10, சனி

கடிதம் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. அதில் கேட்டது மூன்றே விஷயம். பனி பீய்ச்சும் குழல்களில் எத்தனை உண்மையில் வேலை செய்கின்றன? மூடுவதாக இருந்தால் முந்தின நாள் மாலைக்குள் சொல்ல முடியுமா? நிலவரப் பக்கத்தை உண்மையாக எழுதுவது யார் பொறுப்பு?

இன்று பதில் என்று நினைத்து ஆவலாகத் திறந்தேன். '2024-25 சீசன் பாஸ், முன்பதிவுச் சலுகை, இன்றே வாங்குங்கள்!' பாறையிலிருந்து பாயும் அதே ஆள்.

வானமும் கைவிட்டுவிட்டது. இந்த மாதம் பெயருக்குக்கூடப் பனி இல்லை.

பிப்ரவரி 28, புதன்

பள்ளி விடுமுறை வாரம். நேற்று மாலை ஒரு வழியாகக் கூட்டம் போட்டார்கள். சிற்றுண்டிக் கூடத்தில், லிஃப்ட் நின்ற பிறகு. எல்லாரும் ஸ்கீ பூட்ஸோடு, டக் டக் என்று நடந்து வந்து உட்கார்ந்தார்கள். மேலாளர் நின்றுகொண்டே பேசினார். கண்ணுக்குக் கீழே கருவளையம். பனிவண்டி ஓட்ட ஆளில்லாததால் ராத்திரி இரண்டு மணிக்குத் தானே பாதையைச் சமன் செய்ததாகச் சொன்னார். அவர் கையில் கிரீஸ் கறை இருந்ததால் நான் நம்பினேன்.

காப்பீட்டுத் தொகை ஏறிவிட்டது. மின்கட்டணம் ஏறிவிட்டது. முன்பெல்லாம் தென் அமெரிக்காவிலிருந்து கல்லூரி மாணவர்கள் ஜே-1 என்னும் பரிமாற்றத் திட்ட விசாவில் வந்து லிஃப்டில் வேலை பார்த்தார்கள். இப்போது அவர்களைத் தங்கவைக்க ஊரில் வாடகைக்கு ஓர் அறை கிடைப்பதில்லை. இந்த சீசனில் ஒரு நாளும் ஓடாத மூன்றாவது லிஃப்டின் கியர்பாக்ஸுக்கு உதிரிபாகம் வர வேண்டும், அது வந்து மாட்டி மாநில ஆய்வாளர் பார்த்துச் சரி சொன்னால்தான் ஓட்டலாம்.

"உதிரிபாகம் எப்போ ஆர்டர் போட்டீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நவம்பர்ல."

"பழுது எப்போ தெரியும்?"

கொஞ்சம் நேரம் பதில் இல்லை. "போன மார்ச்."

கூடமே உச்சுக் கொட்டியது. போன மார்ச்சில் பழுது தெரியும், ஏப்ரலில் எங்களுக்கு 'மூன்று லிஃப்ட்' என்று பாஸ் விற்றிருக்கிறார்கள். எனக்கு அந்த மேலாளர் மேல் கோபம் வரவில்லை. பணத்தை எங்கே, எப்போது செலவழிப்பது என்று தீர்மானிக்கிறவர் அந்தக் கூடத்தில் இல்லை. வேறு மாநிலத்தில் இருக்கிறாராம்.

யாரோ மேட் ரிவர் கிளென் பேச்சை எடுத்தார்கள். வெர்மான்டில் 1995-இல் ஸ்கீக்காரர்களே பங்கு போட்டு வாங்கிக் கூட்டுறவாக நடத்தும் மலை. 1948-இல் போட்ட ஒற்றை நாற்காலி லிஃப்ட் தேய்ந்துபோனபோது, இரட்டை வேண்டாம், அதே ஒற்றையையே புதுப்பிப்போம் என்று முடிவெடுத்து 2007-இல் புதிதாக நிறுவினார்கள். முடிவு சரியா தவறா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் முடிவெடுத்தவர்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து குளிரில் நடுங்குகிறவர்கள். எங்கள் மலையை விற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, எங்களிடம் வாங்கப் பணமும் இல்லை. பேசிக்கொண்டோம், அவ்வளவுதான்.

மார்ச் 17, ஞாயிறு

இன்றோடு சீசன் முடிந்தது என்று நேற்று இரவு அறிவித்தார்கள். பிரதான பாதையில் மேலிருந்து கீழ்வரை இன்னும் பனி இருக்கிறது. பையன் அழவில்லை, ஆனால் வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

நேற்று இரவிலிருந்து புயல். ஓர் அடிக்கு மேல் ஈரப்பனி, கனமாக, மரக்கிளைகளை ஒடித்துப்போட்டிருக்கிறது. மின்சாரம் இல்லை. எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து ரசம் வைத்தேன்.

பெரியவர் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார், ஸ்கீக்கு அடியில் பிடிப்புப் பட்டை ஒட்டிக்கொண்டு மலைமேல் நடந்தே ஏறிக்கொண்டிருக்கிறாராம். சீசனிலேயே நல்ல பனி இதுதான் என்கிறார். எழுபதைத் தாண்டியவர். வருகிறீர்களா என்று கேட்டிருந்தார். தெருவில் மரம் விழுந்து கிடக்கிறது, எங்கே போவது?

ஏப்ரல் 27, சனி

முன்பதிவுச் சலுகை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு.

பையனுடைய பள்ளி பந்தயக் குழு அந்த மலையில்தான் பழகுகிறது, அதனால் அவன் பாஸுக்குப் பணம் கட்டிவிட்டோம். எங்கள் இருவருக்கும் இப்போது இல்லை. அந்தக் காசுக்கு ஒரு நாள் டிக்கெட்டாக வாங்கினால் எத்தனை தடவை போகலாம் என்று இவர் கணக்குப் போட்டார். இந்த வருடம் நாங்கள் போன அளவுக்குப் பார்த்தால் பெரிய நஷ்டம் இல்லை.

அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். மூன்றாவது லிஃப்ட் முதல்முறை ஓடுகிற அன்று வந்து இன்றைய விலையிலேயே இரண்டு பாஸ் வாங்கிக்கொள்கிறேன், எழுத்தில் உறுதி தர முடியுமா என்று. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி! சலுகை விலைக்கு இன்னும் மூன்றே நாட்கள்." இவர் படித்துவிட்டு, இதே கேள்வியைக் கையெழுத்துக் கடிதமாக முதலாளியின் முகவரிக்கே அனுப்பலாம் என்கிறார். முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.