கலந்து வாழ விட்டார்களா?

ஜேர்மனியில் தேர்தல் கிட்டே வந்தால் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: வெளியிலிருந்து வந்தவர்கள் இந்த நாட்டோடு இணைந்து வாழ வேண்டுமா, அல்லது அவரவர் பண்பாட்டோடு அவரவர் பாட்டில் இருக்க விடலாமா? 2010 ஒக்டோபரில் பொட்ஸ்டாமில் தன் கட்சி இளைஞர் அணிக் கூட்டத்தில் பேசிய அப்போதைய சான்சலர் அங்கெலா மெர்க்கல், 'முல்ட்டிகுல்ட்டி', அதாவது பல பண்பாடுகள் அருகருகே வாழ்வது, அடியோடு தோற்றுவிட்டது என்றார். பக்கத்தில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்த அப்பா என் பக்கம் திரும்பி, "அது எப்ப பிள்ளை இஞ்ச இருந்தது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கனடாவில் 1971இல் பியர் ட்ரூடோ பல்பண்பாட்டுக் கொள்கையைப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். 1988இல் அது தனிச் சட்டமாகவே வந்தது. ஜேர்மனியில் அப்படி ஒரு சட்டம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு வேலைக்கு ஆள் எடுத்தார்கள், 1973இல் நிறுத்தினார்கள். வந்தவர்கள் எப்படியும் திரும்பிப் போய்விடுவார்கள் என்று நம்பினார்கள். வேலை இழந்த வெளிநாட்டுத் தொழிலாளி ஊருக்கே திரும்பினால் 10,500 மார்க் கொடுப்பதற்கு 1983இல் சட்டம்கூடப் போட்டார்கள். போகிறவர்கள்தானே என்று மொழி சொல்லிக்கொடுக்காமல் விட்டதற்குத்தான் பிறகு பண்பாட்டின் பெயரைச் சூட்டி, அது தோற்றதாகவும் அறிவித்தார்கள்.

அப்பா 1985இல் இலங்கையிலிருந்து வந்தவர். அந்த நேரம் எங்கட சனம் கனபேர் வந்த அதே வழி: கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையம், அங்கிருந்து ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ, ரயிலேறி மேற்கு பெர்லின். அசூல் (அகதித் தஞ்சம்) கேட்டார். நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் ஒரு சின்ன நகரத்துக்கு அனுப்பினார்கள். கைமில், அதாவது அகதிகள் விடுதியில், ஆறு பேருக்கு ஓர் அறை. வேலை செய்யக் கூடாது. 1987இல் அந்தத் தடையை ஐந்து வருடமாக நீட்டினார்கள், 1991இல்தான் எடுத்தார்கள். அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டவும் கூடாது. பக்கத்து மாவட்டத்தில் சொந்தத் தம்பி இருந்தும், அவரைப் போய்ப் பார்ப்பதற்குக் கடிதம் எழுதி முத்திரை வாங்க வேண்டும். டொச் (ஜேர்மன் மொழி) வகுப்பு என்ற பேச்சே இல்லை. இன்று எல்லாரும் சொல்லும் இன்டெகிராட்சியோன் (இணைந்து வாழப் பழக்கும்) வகுப்பு, 600 மணிநேர மொழிப் பாடத்தோடு சட்டப்படி வந்தது 2005இல். அப்பாவுக்கு அதற்குள் ஐம்பது தாண்டிவிட்டது. இத்தாலியன் ரெஸ்ரோறன்ட் குசினியில் கோப்பை கழுவியபடி பழகிய டொச்தான் அவருடையது. அதில் சமையல் சாமான் எல்லாவற்றுக்கும் பெயர் தெரியும், டொக்டரிடம் நெஞ்சு நோவை விளக்கத் தெரியாது.

அதனால் வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் மேசைக்கு மேலே தலை மட்டும் தெரிகிற வயதில், அம்மாவுக்கும் அலுவலருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்திருக்கிறேன். விசா நீடிக்கப்படவில்லை என்றால் என்ன நடக்கும் என்று அந்த அலுவலர் விளக்கினார். நான் அம்மாவிடம், "அடுத்த மாதம் திரும்ப வரட்டாம்" என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகளின் தலையில் இப்படிச் சுமை ஏற்றிய காலத்தைத்தான் இப்போது 'பண்பாட்டு இடைவெளி' என்று எழுதுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான்.

எங்கட ஆட்கள் எல்லாவற்றிலும் சரி என்று நான் சொல்லவில்லை. வகுப்போடு சுற்றுலா போய் இரவு தங்கப் பெண் பிள்ளையை விடாத பெற்றோர் எத்தனை பேர்! பையனுக்கு மட்டும் ஒரு தடையும் இருக்காது. இதில் நான் பள்ளிக்கூடத்தின் பக்கம்தான். வாசலிலேயே மறிக்கப்பட்ட பிள்ளை தோழிகளின் கதைகளுக்குள் பிறகு எப்படிப் போய்ச் சேரும்? 2013 செப்டெம்பரில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு முஸ்லிம் மாணவி, ஆண் பிள்ளைகளோடு சேர்ந்த நீச்சல் வகுப்பிலிருந்து விலக்குக் கேட்டாள். விலக்கு இல்லை என்றது நீதிமன்றம். உடலை மூடும் புர்க்கினி உடுத்துக்கொண்டு வகுப்புக்கு வரலாம் என்றது. உடையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள், நீச்சலை விட்டுக்கொடுக்கவில்லை. தொலைக்காட்சியில் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று கத்துகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு தரம் ஆறுதலாக வாசிக்க வேண்டும்.

கோயிலும் பிள்ளைகள் தமிழ் படிக்கும் தமிழாலயமும் எங்களைப் பிரித்து வைக்கின்றன என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் எழும்பியது, ஊன்ட்ரொப் தொழிற்பேட்டை நடுவில். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலும் இருந்து சனம் வருகிறது. பொலிஸ் வீதியை மறித்து வழிவிடுகிறது, தீர்த்தம் ஆடுவது அங்குள்ள கால்வாயில். அந்த இடத்தில் ஒரு கோபுரம் எழும்ப வேண்டும் என்றால் காணி, கட்டட அனுமதி, வாகனத் தரிப்பிடம், தீயணைப்பு விதி என்று நகரசபையோடு எத்தனை தரம் இருந்து கதைத்திருக்க வேண்டும்! வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அப்பால் ஜேர்மன் நிர்வாகத்தோடு எங்கட பெரியவர்கள் நேருக்கு நேர் பேசியதே கோயில் கட்டப் போய்த்தான். திரும்பிப் போகிற எண்ணம் உள்ளவர்கள் கோபுரம் கட்டமாட்டார்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் வயதானவர்களுக்கு உதவுகிறேன். மொத்தம் 310 கேள்விகள், தேர்வில் 33 வரும், 17 சரியாக இருந்தால் போதும். பட்டியலின் முதல் கேள்வியே, ஜேர்மனியில் அரசுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசலாம், ஏன் என்பது. பதில்: இங்கே கருத்துச் சுதந்திரம் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பில் வீடு எரிந்து ஓடிவந்த ஒரு அன்ரி அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். "இத நான் பாடமாக்கத் தேவையில்ல பிள்ளை. இதுக்காகத்தானே வந்தனான்" என்றார். அரசியலமைப்பை அவருக்குப் புதிதாக ஒருவரும் ஊட்டத் தேவையில்லை. அவருக்குக் கஷ்டம், குடியுரிமைக்குக் கேட்கிற பி1 நிலை டொச் எழுத்துத் தேர்வு.

2024 ஜூன் 27 முதல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம் நல்ல சட்டம்தான். குடியுரிமை கேட்க இங்கே வாழ்ந்திருக்க வேண்டிய எட்டு வருடம் ஐந்தாகியது, பழைய குடியுரிமையையும் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய ஒப்பந்தங்களில் விருந்தாளித் தொழிலாளராக வந்தவர்களுக்குத் தேர்வு இல்லை, அன்றாடம் பேசத் தெரிந்தால் போதும். அரச உதவி பெறுகிறவர் என்பதற்காக அவர்களை மறுப்பதும் இல்லை. ஆனால் மேற்கு ஜேர்மனியில் இந்தச் சலுகை 1974 ஜூன் 30க்குள் வந்தவர்களுக்கு மட்டும். ஒப்பந்தத்தில் வராமல் அசூல் கேட்டு வந்த அன்ரி அந்த வரிக்குள் வரமாட்டார். வேலை செய்யாதே என்று தொடக்க வருடங்களை இதே அரசுதான் எடுத்தது. பிறகு முதுகு முறிய ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்தும் பென்சன் காணாது, அதனால் முதியோர் உதவிப் பணம் எடுக்கிறார். அந்தப் பணத்தைக் காட்டியே குடியுரிமையை உரிமையாகக் கேட்க முடியாது என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை இல்லாவிட்டால் நகரசபைத் தேர்தலில்கூட வாக்கு இல்லை. நோர்வேயில் மூன்று வருடம் வாழ்ந்தாலே அந்த வாக்கு கிடைக்கும்.

எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன்: எண்பதுகளில் வேலைத் தடைக்குள் இருந்தவர்களையும் அந்தச் சலுகையில் சேர்க்க வேண்டும் என்று. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் வந்த வருடத்தையும் வேலை அனுமதி கிடைத்த வருடத்தையும் பழைய கடிதங்களில் தேடி எடுத்து, நீங்களும் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்.