7ஆம் நெடுஞ்சாலை ஆமைகளும் ஓனிங்கன் கற்களும்

ஜூன் மாதம் பிறந்தால் 7ஆம் நெடுஞ்சாலையில் நான் லொறியின் வேகத்தைக் குறைத்துவிடுவேன். பீற்றர்பரோ தாண்டி மடொக், கலடார், ஷார்பொட் லேக், பெர்த் என்று ஒட்டாவாப் பக்கம் போகும் பாதை அது. இரண்டு பக்கமும் கருங்கல் பாறையும் சதுப்பும் மாறி மாறி வரும். கூட ஓடுகிறவர்களுக்கு அலுப்புத் தட்டுகிற பாதை. எனக்குக் கனடாவின் ஒன்ராரியோ மாகாணத்திலேயே பிடித்த பாதை அதுதான். அந்த மாதத்தில் ஸ்னாப்பிங் ஆமைகள் சதுப்பை விட்டு ஏறிவந்து, றோட்டோரச் சரளையில் பின்னங்காலால் குழி பறித்து முட்டை இடுகின்றன.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓடு ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். சேறும் பாசியும் படிந்து கிடப்பதால் ஓட்டின் நிறமே தெரியாது. தலை பெரிது. கழுத்து நாம் நினைப்பதைவிட மிக நீளம். வால் கிட்டத்தட்ட ஓட்டளவுக்கு நீண்டு, அதன் மேல் முதலைக்கு இருப்பதுபோல வரிசையாக முள் எழுந்து நிற்கும். பத்துக் கிலோ எடையுள்ள பெண் ஆமை ஒன்று நான்கு காலையும் ஊன்றி உடம்பைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு நடந்து வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

போன கோடையில் கலடார் பெற்றோல் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஆமைக்காக நான் இறங்கினபோது, பின்னால் நின்ற நம்முடைய பொடியன் ஒருவன் கண்ணாடியை இறக்கிக் கத்தினான்.

"அண்ணை, கிட்டப் போகாதேங்கோ! விரலைத் துண்டாக்கிப் போடும்!"

"தண்ணிக்குள்ள இது ஆரையும் கடிக்காது, தம்பி. ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போயிடும். தரையிலதான் இப்பிடி."

"ஏன் தரையில மட்டும்?"

நல்ல கேள்வி. பதில் ஆமையின் வயிற்றுப் பக்கத்தில் இருக்கிறது. மற்ற ஆமைகளுக்கு மேலோடும் அடியோடும் சேர்ந்து ஒரு பெட்டியாக மூடிக்கொள்ளும். இதற்கு அடியோடு மிகச் சிறிது, சிலுவை வடிவில் ஒரு துண்டு எலும்பு மட்டும். அதனால் கால்களுக்கு நல்ல வீச்சு உண்டு. குளத்தின் அடிச்சேற்றில் நடந்து திரிகிற பிராணிக்கு அது பெரிய வசதி. ஆனால் தலையையும் காலையும் உள்ளே இழுத்து ஒளித்துக்கொள்ள இடம் இல்லை. தண்ணீரில் இருந்தால் சேற்றுக்குள் புதைந்து தப்பலாம். தரையில் அதற்கு வாயை விட்டால் வேறு காவல் கிடையாது. இதைக் கோபக்கார ஆமை என்று சொல்வது அநியாயம்.

என் மகள் சின்னவளாக இருந்தபோது கேட்டாள், "அப்பா, இது டைனோசரைப் பார்த்த ஆமையா?" அவளுக்குப் பதில் சொல்லத்தான் வாசிக்கத் தொடங்கினேன். இன்றுவரை நிறுத்தவில்லை. இந்த ஆமை டைனோசரைப் பார்த்ததில்லை, இதன் வம்சம் பார்த்தது. ஸ்னாப்பிங் ஆமையின் அறிவியல் பெயர் கெலிட்ரா; அதன் குடும்பத்துக்குப் போகும் கிளையின் எலும்புகள் வட அமெரிக்காவில், டைனோசர்கள் கடைசியாக வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தின் இறுதிப் பகுதியிலிருந்தே கிடைக்கின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து பெரிய டைனோசர்கள் அழிந்தபோது நன்னீர் ஆமைகளில் பெரும்பாலானவை தப்பின. ஆற்றிலும் குளத்திலும் உணவுச் சங்கிலி பச்சை இலையை மட்டும் நம்பி இல்லை. அழுகியதும் செத்ததும் அங்கே சாப்பாடுதான். ஆமைக்கோ கொஞ்சம் சாப்பிட்டு நீண்ட நாள் கிடக்கத் தெரியும்.

அந்த அழிவுக்குப் பின் ஐம்பது அறுபது லட்சம் ஆண்டு கழித்து, அமெரிக்காவின் வட டகோட்டாவில் புரோட்டோகெலிட்ரா என்ற ஆமை வாழ்ந்தது. இன்று அந்த இடம் வரண்ட கரடுமுரடான நிலம். அன்று முதலைகள் கிடந்த வெப்பச் சதுப்பு. மினசோட்டா அறிவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த புரூஸ் எரிக்சன் அங்கே வனகன் க்ரீக் என்ற இடத்தில் தோண்டி எடுத்து, 1973இல் அதற்குப் பெயர் வைத்தார். படத்தைப் பார்த்தால் 7ஆம் நெடுஞ்சாலை ஆமையைத் தெரிந்த எவருக்கும் சொந்தம் விளங்கிவிடும்.

ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது வட டகோட்டா அல்ல, ஓனிங்கன். ஜேர்மனியில், கான்ஸ்டன்ஸ் ஏரி முடிந்து ரைன் ஆறு தொடங்கும் இடத்துக்கு அருகே உள்ள ஊர். அங்குள்ள சுண்ணாம்புக் கல் ஏறத்தாழ 1.3 கோடி ஆண்டுக்கு முந்திய ஏரி ஒன்றின் அடிமண். மீன், பூச்சி, இலை என்று எல்லாம் ஏடு ஏடாக அந்தக் கல்லுக்குள் கிடக்கின்றன. சூரிச்சில் இருந்த யோஹான் யாக்கோப் ஷொய்க்சர் என்ற மருத்துவர், அந்தக் கல்லில் கிடைத்த எலும்புக்கூடு ஒன்றை, நோவா காலத்துப் பிரளயத்தில் மூழ்கிச் செத்த மனிதன் என்று 1726இல் எழுதினார். எண்பத்தைந்து ஆண்டு கழித்து, 1811இல், நெதர்லாந்தின் ஹார்லெம் நகர் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் கூவியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் அந்தக் கல்லை மேலும் செதுக்கி, உள்ளே மறைந்திருந்த முன்னங்கால்களை வெளியே கொண்டுவந்தார். அது ராட்சத சலமாண்டர், பல்லி உருவில் இருக்கும் தவளையின் சொந்தம்.

அதே கல்லில் ஒரு ஆமையும் இருந்தது. 1832இல் லண்டனைச் சேர்ந்த தாமஸ் பெல் அதை விவரித்தார். தொழிலால் பல் வைத்தியர், மனதால் ஆமைக்காரர். டார்வின் பீகிள் கப்பலில் கொண்டுவந்த ஊர்வனவற்றைப் பின்னாளில் ஆராய்ந்து எழுதியதும் இவரே. உயிரோடு இருக்கும் கெலிட்ராக்கள் அமெரிக்காவில் மட்டுமே. அப்படியிருக்க, ஐரோப்பாவின் நடுவில் கிடைத்த எலும்பைப் பார்த்து, இதுவும் கெலிட்ராதான் என்று பெல் எழுதினார். புவியியலாளர் முர்ச்சிசனின் பெயரை அதற்கு வைத்தார். இப்போது அந்த ஆமை கெலிட்ராப்சிஸ் என்ற தனிப் பேரினத்தில் இருக்கிறது. குடும்பம் மாறவில்லை. பெல்லின் கண் சரியாகவே பார்த்திருக்கிறது.

கெலிட்ராப்சிஸ் ஒரு ஊரோடு நின்ற ஆமை இல்லை. ஒலிகோசீன் என்ற புவியியல் காலம் தொடங்கி, பனியுகங்களுக்குச் சற்று முந்திய பிளையோசீன் காலம் வரைக்கும், இரண்டு கோடி ஆண்டுக்கு மேலாக, ஐரோப்பாவின் ஏரிகளிலும் கிழக்கே கஸகஸ்தான் பக்கத்திலும் பரவி வாழ்ந்தது. அதன் பிறகு ஒரு எலும்புத் துண்டுகூட இல்லை. ஐரோப்பாவில் முற்றாகப் போய்விட்டது.

ஏன் போனது? குளிர் கொன்றது என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அதை நான் ஏற்கமாட்டேன். ஒன்ராரியோக் குளிரைவிடவா? இங்கே ஸ்னாப்பிங் ஆமை ஆண்டில் பாதியை, மேலே ஏரி உறைந்து கிடக்க, மூச்சே எடுக்காமல் தண்ணீருக்குள் கழிக்கிறது. தோல் வழியாகக் கொஞ்சம் ஒட்சிசன் எடுக்கும். அது போதாதபோது உடம்பில் அமிலம் சேரும். ஆமைகளின் ஓட்டிலுள்ள கனிமம் இரத்தத்தில் கரைந்து அந்த அமிலத்தை முறிக்கும். குளிர்காலத்தை அது ஜெயித்துவிட்டது. அதன் வடக்கு எல்லையைத் தீர்மானிப்பது கோடைகாலம். முட்டை பொரிக்கப் போதிய வெயில் சேரவேண்டும். ஒன்ராரியோவின் அல்கோன்குயின் பூங்காவில் கோடை குளிர்ந்த ஆண்டுகளில் முட்டைகள் பொரிக்காமலே மண்ணுக்குள் செத்துவிடுகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மண்ணின் சூடுதான் முடிவுசெய்கிறது: 20 பாகை செல்சியசுக்குக் கீழும் 29 பாகைக்கு மேலும் பெண், நடுவில் ஆண்.

பனியுகங்கள் வந்தபோது வட அமெரிக்காவில் தெற்கே போக வழி திறந்து கிடந்தது. மிசிசிப்பி வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிற ஆறு. 20,000 ஆண்டுக்கு முன் ஒன்ராரியோ முழுக்கப் பனிப்பாறைக்கு அடியில் கிடந்தது. இங்குள்ள ஆமைகளின் முன்னோர் பனி விலகியபின் தெற்கிலிருந்து ஏறிவந்தவையே. ஐரோப்பாவிலோ அல்ப்ஸ் மலை குறுக்கே படுத்திருக்கிறது, அதற்குத் தெற்கே மத்தியதரைக் கடல். அங்கே பல மரவகைகள் அழிந்ததற்கு இந்தக் காரணத்தைத்தான் சொல்கிறார்கள். ஆமைக்கும் அதுவே நடந்திருக்கும் என்பது என் எண்ணம். ஓனிங்கன் சலமாண்டரின் சொந்தங்களும் இன்று ஐரோப்பாவில் இல்லை. சீனாவிலும் ஜப்பானிலும் இருக்கின்றன; அமெரிக்காவின் கிழக்கு ஆறுகளில் ஹெல்பெண்டர் என்ற உறவு இருக்கிறது. ஒரே ஏரியில் கிடந்த இரண்டு பிராணிகளுக்கும் ஏறத்தாழ ஒரே கதி.

ஆசியாவில் ஒரு சொந்தம் மிஞ்சியிருக்கிறது என்று நீண்ட காலம் நம்பினார்கள். தென்சீனம், லாவோஸ், மியன்மார் மலையோடைகளில் வாழும் பெருந்தலை ஆமை. ஓட்டுக்குள் போகாத தலை, நீண்ட வால், கடிக்கும் குணம் என்று எல்லாம் ஒத்துப்போயின. எலும்பை வைத்துப் பார்த்தவர்களும் ஸ்னாப்பிங் ஆமைக்குப் பக்கத்திலேயே அதை வைத்தார்கள். 2006இல் மரபணுவைப் படித்தபோது அது வேறு வம்சம், குளத்தாமைகளுக்கும் நில ஆமைகளுக்கும் நெருக்கமானது என்று தெரிந்தது. ஸ்னாப்பிங் ஆமையின் உண்மையான கிட்டிய சொந்தம், அமெரிக்கச் சேற்றாமைகள். என் உள்ளங்கையில் அடங்கும் அளவுக் குட்டி ஆமைகள் அவற்றில் உண்டு. ஆக, ஐரோப்பா ஆசியாவில் இந்தக் குடும்பத்துக்குச் சொந்தமென்று உயிரோடு ஒன்றுமே இல்லை. ஜப்பானில் சீபா மாகாணத்து இன்பா ஏரிப்பக்கம் பெருகிக் கிடப்பவை செல்லப்பிராணியாகக் கொண்டுபோய்க் கைவிடப்பட்டவற்றின் சந்ததி.

தெற்கே மெக்சிக்கோ வளைகுடாவுக்கு ஓடும் ஆறுகளில் இதன் பெரிய உறவான அலிகேட்டர் ஸ்னாப்பிங் ஆமை உண்டு. ஆணுக்கு எடை 80 கிலோவையும் தாண்டும். ஆற்றடியில் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் கிடக்கும். நாக்கில் சிவப்பாகப் புழு வடிவில் ஒரு தசை துடிக்கும், மீன் தானாகவே வாய்க்குள் வரும். அதன் முன்னோர்களின் எலும்புகள் நெப்ராஸ்காவிலும் புளோரிடாவிலும் மயோசீன் (ஒலிகோசீனுக்கும் பிளையோசீனுக்கும் இடைப்பட்ட காலம்) படிவுகளில் கிடைத்திருக்கின்றன. சுவானி ஆற்றில் வாழ்பவை தனி இனம் என்று 2014இல் பிரித்தார்கள். அவற்றை நான் நேரில் கண்டதில்லை. அந்த ஆறுகளில் வளர்ந்த ஒருவர்தான் வடிவாக எழுத முடியும்.

நான் எழுதக்கூடியது ஒன்ராரியோவைப் பற்றி. அல்கோன்குயின் பூங்காவில் 1972 முதல் இந்த ஆமைகளை அடையாளமிட்டுக் கவனித்து வருகிறார்கள். குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ரொன் புரூக்ஸ் பல பத்தாண்டுகள் நடத்திய வேலை அது. சில பெண் ஆமைகளுக்கு நூறு வயது தாண்டியிருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். பெண் முட்டையிடத் தொடங்கவே பதினைந்து, இருபது ஆண்டு செல்லும். ஒரு தடவைக்கு பிங்பொங் பந்து அளவில் முப்பது நாற்பது முட்டை. ரக்கூனும் நரியும் ஸ்கங்கும் அன்றிரவே தோண்டித் தின்னும். ஆயிரம் முட்டைக்கு ஒன்றுகூட வளர்ந்து ஆளாகாது. அதனால் ஆமைக்கு நட்டமில்லை, ஏனென்றால் தாய் அடுத்த ஆண்டும் வரும், நாற்பது ஆண்டு கழித்தும் வரும். இந்த வம்சத்தின் கணக்கு முழுவதும் வளர்ந்த ஆமை லேசில் சாகாது என்பதன்மேல் நிற்கிறது. விண்கல் முதல் பனியுகம் வரை அந்தக் கணக்கு தாக்குப்பிடித்தது.

1980களின் கடைசியில் அல்கோன்குயினில் நீர்நாய்கள், பனிக்கு அடியில் உறங்கிய பெரிய ஆமைகளைக் கொன்றன. சில குளிர்காலங்கள்தான். அதன்பின் இருபது ஆண்டுக்கு மேல் எண்ணிப் பார்த்தார்கள். ஆமைத்தொகை மீளவில்லை என்று 2018இல் ஆய்வு வந்தது. பூங்கா, பாதுகாப்பு, நல்ல தண்ணீர் எல்லாம் இருந்தும் மீளவில்லை.

இப்போது றோட்டை நினைத்துப் பாருங்கள். சரளைக்கு ஏறிவருபவை முக்கியமாகத் தாய்கள். றோட்டு அவற்றையே தேடிக் கொல்வதுபோல் கொல்கிறது, அதுவும் ஒவ்வொரு ஜூனிலும். வேட்டையும் பெரியதைத்தான் எடுத்தது. கனடாவில் 2008இல் இதைக் கவனத்துக்குரிய இனமாக மதிப்பிட்ட பிறகும், மீன்பிடி அனுமதிச் சீட்டு வைத்திருந்தவர் ஒன்ராரியோவில் நாளுக்கு இரண்டு பிடிக்கலாம் என்ற சட்டம் 2017 வரை இருந்தது. அதை நிறுத்த மக்கள் எழுதியும் கத்தியும் போராட வேண்டியிருந்தது. இரவல் வெயிலில் முட்டை பொரித்து, பனிக்கு அடியில் மூச்சடக்கி, இவ்வளவு தூரம் வந்த பிராணிக்கு நாங்கள் செய்யக்கூடியது வேகத்தைக் குறைப்பதும் இறங்கி உதவுவதும். அதைக்கூடச் செய்யாவிட்டால் எனக்கு ஆத்திரம் வரும்.

றோட்டில் கண்டால் முதலில் அபாய விளக்கைப் போட்டு, பாதுகாப்பாக ஓரத்தில் நிறுத்துங்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே வேண்டாம், முதுகெலும்பு பிசகிவிடும். பக்கத்தில் பிடித்தாலும் கழுத்து திரும்பி வந்து கடிக்கும். காரின் கால்மிதியைப் பின்பக்கத்தால் ஆமைக்குக் கீழே செருகி, அதன்மேல் ஏற்றி இழுங்கள். அது எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமே விடுங்கள். திருப்பி விட்டால் மறுபடி றோட்டைக் கடக்கும். தெரிந்த குளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். அடிபட்டிருந்தால், ஓடு உடைந்திருந்தாலும் கைவிடாதீர்கள். பீற்றர்பரோவில் ஆமைகளுக்கென்றே ஒன்ராரியோ ஆமைப் பாதுகாப்பு மையம் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறது. தாய் செத்துவிட்டாலும் வயிற்றிலிருக்கும் முட்டைகளை எடுத்து அடைகாத்துக் குஞ்சு பொரிக்கவைக்கிறார்கள். எடுத்த இடத்தை மட்டும் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள், எந்தச் சந்தியிலிருந்து எத்தனை கிலோமீற்றர், றோட்டின் எந்தப் பக்கம் என்று. சுகமான ஆமையையும் பொரித்த குஞ்சுகளையும் அந்தச் சதுப்பிலேயே கொண்டுபோய் விடுவார்கள்.